லோடு வண்டிக்கு வீட்டிலேயே பெயின்ட்: ஸ்பாஞ்சு ரோலர் முறை நமக்கு ஒத்து வருமா?

சேதராப்பட்டில் தொழிற்பேட்டையை ஒட்டிக் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களில் பலரிடம் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இருக்கிறது. 'குட்டி யானை' என்று ஊரே செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ், அல்லது மூன்று சக்கர லோடு ஆட்டோ, அல்லது பழைய மாருதி ஆம்னி. புதுச்சேரி கடைத்தெருவில் மொத்தச் சரக்கு ஏற்றி வர, மயிலம் சாலையில் உள்ள டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் சப்ளை போட, வண்டி ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற வரை அதன் பெயின்டைப் பற்றி யாருக்கும் நினைவு வருவதில்லை. எஃப்.சி. காட்டும் தேதி நெருங்கும்போதுதான் கதவின் அடிப்பகுதியில் துரு அரித்திருப்பதும், எண்ணெய் டின் உரசி உரசிப் பக்கத் தகடு வெள்ளை இழந்து நிற்பதும் கண்ணில் படுகிறது.

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை எஃப்.சி.; அதன் பிறகு ஆண்டுதோறும். ஆக, பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு வருடாவருடம் தலைகாட்டும். பட்டறையில் டிங்கரிங், பட்டி, ஸ்பிரே பெயின்ட் என்று போனால் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், வண்டி ஒரு வாரம் பட்டறையில் நிற்பது. அந்த ஒரு வாரமும் வாடகை வண்டி பிடித்துச் சரக்கு எடுத்தால் லாபம் எங்கே நிற்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான், அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பரவலாகச் செய்து பார்த்த ஒரு முறையைப் பற்றி நம் உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். கம்ப்ரஸர் வேண்டாம், ஸ்பிரே கன் வேண்டாம். சாதாரண எனாமல் பெயின்டை நீர்க்கக் கரைத்து, நான்கு அங்குல ஸ்பாஞ்சு ரோலரால் மெல்லிய பூச்சாகப் பல தடவை உருட்டி, நடுநடுவே தண்ணீர் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவது. நம் ஊருக்கு இது சரிப்பட்டு வருமா என்று நாமும் பெயின்ட் கடைக்காரர்களிடமும் பட்டறைக்காரர்களிடமும் பேசிப் பார்த்தோம். சரிப்படும், ஆனால் எல்லா வண்டிக்கும் அல்ல, எல்லா மாதத்திலும் அல்ல.

புதிய வித்தை அல்ல

கையால் வண்டிக்கு வர்ணம் அடிப்பது நமக்குப் புதிதல்ல. நம் நாட்டு லாரிகளின் மரப் பாடிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக எனாமலும் பிரஷும்தான். காரின் வரலாற்றிலும் முதலில் வந்தது பிரஷ்தான். ஆரம்ப காலக் கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ் கலந்த வர்ணத்தைப் பூச்சுப் பூச்சாக அடித்து, ஒவ்வொன்றும் காய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஹென்றி ஃபோர்டு தம் 'மாடல் டி' காரை 1914 முதல் 1925 வரை கறுப்பிலேயே விற்றதற்கும் காய்வதில் இருந்த இந்த அவசரம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1923-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பெயரில் சீக்கிரம் காயும் லாக்கரைக் கொண்டு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் 1924-ஆம் ஆண்டு ஓக்லண்ட் காரில் பயன்படுத்தியது. வாரக்கணக்கான வேலை நாள்கணக்காகக் குறைந்தது. நம் பட்டறைகளில் இன்றும் காதில் விழும் 'டக்கோ பெயின்ட்' என்ற சொல் அந்தப் பெயரின் மிச்சம்தான்.

டக்கோவும் எனாமலும் இரு வேறு சாதி என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டக்கோவில் தின்னர் ஆவியாகிப் போனதும் வேலை முடிந்தது. அதனால் ஸ்பிரே செய்தால்தான் சீராக விழும், ரோலரில் உருட்டினால் பாதியிலேயே இழுபடும். எனாமல் அப்படியல்ல. அதில் உள்ள டர்பன்டைன் போன பிறகும், காற்றில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. இந்தத் தாமதம்தான் ரோலருக்குச் சாதகம். உருட்டிய தடம் தானே சமனாகப் பரவ அவகாசம் கிடைக்கிறது.

இதில் மளிகைக்காரர்களுக்குச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. எனாமலின் உயிர் எண்ணெய்தான். ஆளி விதை எண்ணெய், சோயா எண்ணெய், பதப்படுத்திய ஆமணக்கு எண்ணெய் இவற்றை வைத்துத்தான் அதற்கான பிசின் தயாராகிறது. நம் கடையில் சூரியகாந்தி எண்ணெய் டின்னின் வாயைச் சுற்றிப் பிசுபிசுவென்று பழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும், துணியால் துடைத்தாலும் போகாது. தேங்காய் எண்ணெய் டின்னில் அது வருவதில்லை. எண்ணெய்ப் பரிசோதனைச் சீட்டில் 'அயோடின் மதிப்பு' என்று ஓர் எண் இருக்குமே, அது தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குப் பக்கத்தில். ஆளி விதை எண்ணெய்க்கோ 170-க்கு மேல். எண் உயர உயரக் காற்றில் படலமாக இறுகும் குணம் கூடுகிறது. கடையில் நமக்குத் தொல்லை தரும் அதே குணம்தான் வண்டித் தகட்டின் மேல் பெயின்டாகப் பாதுகாப்புத் தருகிறது!

முதல் வேலை துருவோடு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற வண்டிகளின் கதவுக்குள்ளும் தரைத்தகட்டின் மடிப்புகளிலும் அன்று புகுந்த ஈரம் இன்னும் வேலை காட்டிக்கொண்டிருக்கிறது. நமக்குக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. எனவே மேலே வெள்ளை உருட்டிவிட்டுத் துருவை மறைப்பது, புழுத்த பருப்பின் மேல் நல்ல பருப்பைக் கொட்டி விற்பது போலத்தான். ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடும்.

பாதி வேலை, ஏன் முக்கால் வேலை, பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வண்டியை நல்ல தண்ணீரால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் கடைசி அலசலுக்காவது குடிநீர் எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போக டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தல். துரு உள்ள இடத்தைக் கம்பி பிரஷ் கொண்டு வெள்ளைத் தகடு தெரியும் வரை சுரண்ட வேண்டும். தகடு ஓட்டை விழுந்திருந்தால் அது நம் வேலை அல்ல. வெல்டிங் தெரிந்த டிங்கரிடம் போக வேண்டும். பள்ளங்களுக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, தகடு தெரிகிற இடமெல்லாம் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு அடித்து ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். மற்ற இடங்களில் பழைய பெயின்ட் உறுதியாக இருந்தால் அதைப் பிய்க்க வேண்டாம். பளபளப்புப் போகும்படி 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டால் புதுப் பூச்சு பிடித்துக்கொள்ளும்.

தேய்ப்பதைத் தண்ணீர் விட்டே செய்ய வேண்டும் என்று நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழைய பெயின்டுகளில் காரீயம் இருக்கலாம். வீட்டு உபயோக மற்றும் அலங்காரப் பெயின்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சுகளில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? பிரைமர் வகைகள் சிலவற்றில் குரோமேட்டும் உண்டு. உலரத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும், திண்ணையில் விளையாடும் குழந்தைகளின் கையில் ஒட்டும். தேய்த்த சேற்றுத் தண்ணீரை வாய்க்காலில் தள்ளிவிடவும் கூடாது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊசுட்டேரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி. பழைய டப்பாவில் தெளிய வைத்து, அடியில் தங்கும் சேற்றைக் காய வைத்துக் கட்டிக் குப்பையில் தனியாகச் சேர்ப்பதுதான் முறை.

உருட்டும் பக்குவம்

ரோலர் வாங்கும்போது சுவருக்கு அடிக்கும் பஞ்சு ரோலர் வேண்டாம். நூல் உதிர்ந்து பூச்சில் ஒட்டும். நெருக்கமான ஸ்பாஞ்சு உள்ள சிறிய ரோலராக ஐந்தாறு வாங்கிக்கொள்ளலாம். கரைப்பதற்கு மினரல் டர்பன்டைன் மட்டுமே. டக்கோவுக்கு உள்ள என்.சி. தின்னரை ஊற்றினால் ஸ்பாஞ்சே கரைந்து கையோடு வரும்.

பெயின்டை எந்த அளவுக்குக் கரைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. டின்னில் உள்ளபடியே உருட்டினால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கும். தண்ணீராகக் கரைத்துவிட்டால் வழிந்து கண்ணீர்க் கோடு போடும். காய்ச்சாத பசும்பாலின் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். வேண்டாத தகடு ஒன்றில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருட்டியதும் சிறு குமிழிகள் வரும். ஒரு நிமிடத்துக்குள் அவை தாமாக உடைந்து சமனானால் பதம் சரி. உடையாமல் நின்றால் இன்னும் கொஞ்சம் டர்பன்டைன் வேண்டும்.

முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது. அடியில் உள்ள பட்டியும் பிரைமரும் திட்டுத் திட்டாகத் தெரியும். பயந்துபோய் அதன் மேலேயே கெட்டியாக அடித்து மூடக் கூடாது. இந்த முறையில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள் என்று பெயின்ட் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் சொன்னார். மெல்லிய பூச்சு, ஒரு இரவு காய்ச்சல், மறுபடி மெல்லிய பூச்சு. இரண்டு பூச்சுக்கு ஒரு முறை 600 நம்பர் வாட்டர் பேப்பரில் துளி சோப்புத் தண்ணீர் விட்டு இலேசாகத் தேய்த்தல். அடுத்த இரண்டுக்குப் பின் 800. இப்படி ஆறு பூச்சு போனால் நிறம் கட்டிவிடும். கடைசியில் 1000, 1500 என்று தேய்த்து ரப்பிங் பாலிஷ் போட்டால் பளபளப்பு வரும். அரிசி மூட்டை ஏற்றும் வண்டிக்கு அந்தக் கடைசிப் படி அவசியமா என்று கேட்டால், நம் கருத்தில் அவசியமில்லை.

ஒரு கதவை எடுத்தால் அதை முழுதாக முடித்துவிட்டுத்தான் நிமிர வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது ஓரம் இறுகியிருக்கும். சேர்த்த கோடு தெரியும். வெயிலில் நின்ற தகட்டின் மேல் உருட்டக் கூடாது, சூட்டில் பெயின்ட் இழுபடும். மார்கழிப் பனியில் மாலை நேரத்தில் அடித்தால் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வேண்டவே வேண்டாம். தை பிறந்த பின் பங்குனி வரை, காலை எட்டு மணிக்கு மேல், நிழலான கொட்டகையில், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுச் செய்தால் நன்றாக வரும். இரவில் விளக்குப் போட்டு அடிப்பவர்கள் மறுநாள் காலை பூச்சிகளையும் சேர்த்துப் பாலிஷ் போட வேண்டி வரும்.

வணிகருக்கு இந்த முறையில் உள்ள பெரிய வசதி, வண்டியை மொத்தமாக நிறுத்த வேண்டியதில்லை என்பது. சனி இரவு கடை கட்டிய பின் தேய்த்து வைத்து, ஞாயிறு காலை ஒரு பூச்சு, முடிந்தால் மாலை வெயில் தாழுமுன் இன்னொன்று. திங்கள் காலை வண்டி ஓடலாம். வாரம் ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் வண்டி முழுதும் முடியும். வெள்ளை, மஞ்சள் போன்ற தனி நிறங்களுக்கு இது பொருந்தும். மெட்டாலிக் நிறத்தை ரோலரில் தொடவே கூடாது. உள்ளே உள்ள மினுக்குத் தூள் கோடு கோடாக நிற்கும். பிளாஸ்டிக் பம்பரிலும் எனாமல் சும்மா ஒட்டாது, அதற்குத் தனிப் பிரைமர் இருக்கிறது.

கணக்கு

டாடா ஏஸ் போன்ற வண்டியின் வெளித் தகடு தோராயமாக 12 சதுர மீட்டர் என்று கொண்டால், ஆறு பூச்சுக்கு 72 சதுர மீட்டர். கரைத்த எனாமல் லிட்டருக்குப் பதினைந்து சதுர மீட்டர் போல ஓடும். ஆக, நாலு லிட்டர் டின் ஒன்றும் டர்பன்டைன் இரண்டு லிட்டரும், துணி துவைப்பு, ரோலர் கழுவல் உட்படப் போதும். எனாமல் இன்று லிட்டர் 300 ரூபாய்க்கு மேல் விற்கிறது. பிரைமர், பட்டி, பேப்பர், டேப், ரோலர் எல்லாம் சேர்த்தாலும் பட்டறைச் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆனால் நம் உழைப்புக்கும் ஒரு விலை போட்டுப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சும்மா கிடைத்ததாகக் கணக்கெழுதுவது வணிகருக்கு அழகல்ல.

பெயின்ட் மீதான ஜி.எஸ்.டி. 2018 ஜூலை 27 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் உறுப்பினர்கள், வியாபாரத்துக்கான சரக்கு வண்டி என்பதால், கடைப் பெயரில் பில் வாங்கி உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை எனாமல் ஏறிய வண்டிக்குப் பிறகு பட்டறையில் டக்கோ அடிக்க நினைத்தால், தின்னர் பட்டதும் அடியில் உள்ள எனாமல் தோல் போலச் சுருங்கி எழும்பும். முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகுதான் அடிக்க முடியும், அதற்குப் பெயின்டர் தனிக் கூலி கேட்பார். ஆகவே இரண்டொரு ஆண்டில் விற்க நினைக்கும் வண்டிக்கும், குடும்பக் காருக்கும் இந்த முறையை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். பத்து வயதைத் தாண்டி, இனி நம்மிடமே ஓடித் தேயப்போகும் லோடு வண்டிதான் இதற்கு ஏற்றது.

மூச்சும் சரக்கும்

'ஹார்டனர்' கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயின்ட் இன்னும் கெட்டியாக நிற்குமே, அதை உருட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு சிறிதளவு பட்டாலும் இழுக்கும். தகுந்த முகக் கவசம் போட்ட தொழிலாளி, காற்று வெளியேறும் அறையில் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டு வாசலில் வேண்டாம். வெறும் எனாமலுக்கும் காற்றோட்டமான இடம் தேவை.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் உணவுப் பொருள் வியாபாரிகள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். தேயிலையையும் சோப்பையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது என்பது கடைப் பையனுக்கும் தெரியும். அதேபோல் தேயிலை, காபித் தூள், பால் பவுடர், மைதா, அரிசி எல்லாமே டர்பன்டைன் வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வந்தால் கம்பெனிக்காரர் மாற்றித் தர மாட்டார். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் 4-ஆம் அட்டவணையும், உணவு ஏற்றும் வண்டி சுத்தமாகவும் சரக்கைக் கெடுக்காததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எனவே வெளிப்பக்கம் அடித்த வாரத்தில் மூடிய வண்டியில் மேற்படிச் சரக்குகளை ஏற்ற வேண்டாம். சரக்கு படும் உள்தளத்துக்கு எனாமல் அடித்தே ஆக வேண்டுமென்றால், மூன்று நான்கு வாரம் காய விட்டு, வாசனை அறவே போன பிறகு, மேலே விரிப்புப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். குடோனுக்குள் வண்டியை விட்டுப் பெயின்ட் அடிப்பது கூடவே கூடாது.

துடைத்த துணியிலும் ஆபத்து இருக்கிறது. எனாமலும் எண்ணெயும் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், இறுகும்போது உண்டாகும் சூடு உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கக்கூடும். சாக்குப் பைகளும் அட்டைப் பெட்டிகளும் குவிந்திருக்கும் நம் கடைகளில் இதன் விளைவை நினைத்துப் பார்க்கலாம். துணியைத் திறந்த வெளியில் விரித்துக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய டப்பாவில் முக்கி வைக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. அதே நிறத்தை மறுபடி அடித்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளையை நீலமாக்கினால் போக்குவரத்துத் துறையில் தெரிவித்து ஆர்.சி.யில் மாற்றம் எழுதிக்கொள்ள வேண்டும். நம் சேதராப்பட்டிலிருந்து எந்தப் பக்கம் சிறிது தூரம் போனாலும் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடுகிறது. புதுச்சேரிப் பதிவெண் வண்டி அங்கே சோதனையில் நிற்கும்போது, காகிதத்தில் ஒரு நிறமும் தகட்டில் ஒரு நிறமும் இருந்தால் வீண் பேச்சுக்கு இடமாகும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ராணுவப் பச்சை வாங்கிவிடாதீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகள் தவிர மற்றவற்றுக்கு அந்த நிறத்தைத் தடுக்கிறது.

நம்பர் பிளேட், ஒளி திருப்பும் சிவப்பு, வெள்ளை டேப்புகள், விளக்குக் கண்ணாடிகள் இவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டே உருட்ட வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் ரோலரைக் கொண்டு போகவே வேண்டாம். ஆறு பூச்சில் எழுத்தின் பள்ளம் நிரம்பிவிட்டால், எஃப்.சி. அன்று பென்சிலால் பிரதி எடுக்க வராது. ஆய்வாளர் முன்னிலையில் சுரண்டிக்கொண்டு நிற்க நேரும். கதவில் கடைப் பெயர் எழுதியிருந்தால் அது போய்விடும் என்பதை முன்பே கணக்கில் கொள்ளுங்கள். ஒரு மாதம் போகட்டும், பெயின்ட் நன்றாக இறுகிய பின் எழுத்துக்காரரைக் கூப்பிடலாம். அவர் கையில் இருப்பதும் எனாமல்தான் என்பதால் எழுத்து நன்றாகப் பிடிக்கும்.

மீந்த பெயின்டை எறிய வேண்டாம். மேலே ஒரு கரண்டி டர்பன்டைன் ஊற்றி, மூடியை இறுக அடித்து, டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஆடை கட்டாது. பெட்டி உரசி வண்டியில் கீறல் விழும் போதெல்லாம் அன்றிரவே தேய்த்து ஒரு தொடு கொடுத்துவிடலாம். டின்னை வைக்கும் இடம் மட்டும் கடைக்கும் குடோனுக்கும் வெளியே இருக்கட்டும்.